என்ன நோய் என்று டாக்டர் ஏன் உடனே சொல்வதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு பொது மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு முதல் நாளே "இதுதான் உங்களுக்கு" என்று அடித்துச் சொல்ல என்னால் முடிவதில்லை. சொல்லாதபோது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். வெளியே போனதும், கூட வந்தவரிடம் "என்னன்னே சொல்ல மாட்டேங்கிறார்" என்று முணுமுணுப்பதும் கதவைத் தாண்டிக் காதில் விழும். அந்த வருத்தத்தில் தப்பே இல்லை. நோயைவிட, என்ன நோய் என்று தெரியாமல் இருக்கும் நாட்கள்தான் பலரை அதிகமாக வாட்டுகின்றன. என்னிடம் நேராகக் கேட்கப்பட்ட கேள்விகளையும், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கப்பட்ட கேள்விகளையும் இங்கே எடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எதைக் கேட்டாலும் "இருக்கலாம்", "பார்ப்போம்" என்கிறாரே, இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா?

உடம்புக்குத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம்தான். காய்ச்சல், வலி, வாந்தி, இருமல், மூச்சிரைப்பு, களைப்பு, எடை குறைவது என்று எண்ணிக்கொண்டே போனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். நோய்களோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லா நோயும் அந்தக் கொஞ்ச வார்த்தைகளை வைத்துத்தான் பேசியாக வேண்டும்.

களைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, காசநோய், மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சடைப்பு, கர்ப்பம், சாப்பிடுகிற ஏதோ ஒரு மாத்திரை, பல மாதங்களாகச் சேர்ந்த தூக்கக் குறைவு என எதுவும் காரணமாக இருக்கலாம். "எப்பவும் களைப்பா இருக்கு டாக்டர்" என்று ஒருவர் சொன்னதும் என் மனதில் ஓடுவது ஒரு பெயர் கிடையாது, ஒரு பட்டியல். அதை நான் இரண்டு விதமாக அடுக்குகிறேன். இவருக்கு வர அதிக வாய்ப்புள்ளவை ஒரு வரிசை. வாய்ப்புக் குறைவுதான், ஆனால் விட்டுவிட்டால் ஆபத்து என்பவை இன்னொரு வரிசை. "இருக்கலாம்" என்ற சொல் அந்தப் பட்டியலிலிருந்து வருகிறது. அப்போதைக்கு என்னிடம் இருக்கும் உண்மையான சொல் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி என்று ஒருவர் வந்தால் நான் முதலில் தேடுவது வலியின் பெயரை இல்லை. மாரடைப்பா, நுரையீரல் இரத்தக்குழாயில் அடைப்பா, பெருந்தமனியில் கிழிசலா என்று, உயிருக்கு உடனே உலை வைக்கும் சிலவற்றைத்தான். அவை இல்லை என்று ஓரளவு உறுதியான பிறகே நெஞ்செரிச்சலா, தசைப்பிடிப்பா என்ற பேச்சு வரும். "பயப்படும்படி எதுவும் இல்லை" என்று டாக்டர் சொன்னால், "ஒன்றுமே கண்டுபிடிக்கவில்லை" என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அன்றைய வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

"மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்றால் தட்டிக்கழிக்கிறார் என்று அர்த்தமா?

சில சமயம் அப்படியும் இருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலும் காலத்தையே ஒரு பரிசோதனையாகப் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளிக்கும் டாக்டருக்கும் மனத்தாங்கல் வருவது அதிகமும் இந்த இடத்தில்தான்.

நோய் முழு உருவத்தோடு பிறப்பதில்லை. குடல்வால் அழற்சி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமான வலியாகத்தான் ஆரம்பிக்கும். வலி வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கச் சில மணி நேரம் ஆகும். காலையில் பார்த்தவருக்குச் சாதாரண வயிற்றுவலி, இரவில் பார்த்தவருக்குத் தெளிவான குடல்வால். இரவில் பார்த்தவர் கெட்டிக்காரராகத் தெரிவார், உண்மையில் அவருக்கு நோய் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது. தட்டம்மையும் அப்படித்தான், முதல் சில நாள் வெறும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், அப்புறம்தான் தடிப்பு. டெங்குவில் எதிர்ப்பொருள் பரிசோதனையை முதல் நாளே எடுத்தால் இல்லை என்று வரும். அந்த எதிர்ப்பொருள் உடம்பில் உருவாகவே நாலைந்து நாள் வேண்டும். மாரடைப்பிலும் முதல் இ.சி.ஜி. சாதாரணமாக இருக்கலாம். இதயத் தசை சிதைவதைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் அவசரப் பிரிவில் சில மணி நேரம் விட்டு மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள்.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, இடப்பக்க விலா ஓரம் எரிச்சலாக வலிக்கிறது என்று வந்தார். இ.சி.ஜி. எடுத்தேன், கோளாறில்லை. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன், விலாவை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து போகும்போது "துணி உரசினாலே எரியுது டாக்டர்" என்றார். எனக்கு அங்கே பொறி தட்டியிருக்க வேண்டும். தசைவலியாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நாலாவது நாள் மகளோடு வந்தார். முதுகிலிருந்து விலா வழியாக முன்பக்கம் வரை, ஒரு பக்கம் மட்டும், கோடு போட்ட மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். அக்கி. கொப்புளம் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. மகள் கேட்டார்: "அன்னைக்கே ஏன் சொல்லலை டாக்டர்?"

அன்றைக்குத் தோலில் பார்க்க எதுவும் இல்லை என்பது உண்மை. அக்கியில் வலி முந்தி வரும், கொப்புளம் பிந்தி வரும். ஆனால் மகளின் கேள்வியில் நியாயம் இருந்தது. அக்கி என்று அன்று உறுதியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. "இப்போதைக்குத் தசைவலி போலத் தெரிகிறது, ஆனால் இந்த இடத்தில் கொப்புளம் ஏதாவது தெரிந்தால் அன்றே வாருங்கள்" என்று சொல்லியிருக்க முடியும். அக்கிக்கான மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். நான் "தசைவலி" என்று முடித்துவிட்டதால் கொப்புளத்தைப் பார்த்த பிறகும் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இதயம்தான் என்று பயந்து மூன்று இரவு அவர் தூங்கவே இல்லையாம்.

ஆக, "மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் கோபப்பட வேண்டாம். "எதைப் பார்த்தால் அதற்கு முன்பே வர வேண்டும்?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தால் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது. இல்லையென்றால் அங்கேயே யோசிக்கச் சொல்லுங்கள்.

எல்லா டெஸ்ட்டையும் எடுத்துவிட்டால் தெரிந்துவிடாதா?

தெரியாது என்பதோடு, புதிதாகக் குழப்பமும் சேரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய். அதற்கு ஒரு டெஸ்ட். நோய் உள்ளவரை அது தவறாமல் பிடித்துவிடும், ஆனால் நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேரையும் "உண்டு" என்று தப்பாகக் காட்டும். உங்களுக்கு "உண்டு" என்று வந்திருக்கிறது. உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனைகளில் இருந்த மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மாணவர்கள் 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்தான்.

ஆயிரம் பேரையும் ஓர் அறையில் உட்கார வையுங்கள். நோய் உள்ளவர் ஒருவர், அவருக்கு "உண்டு" என்று வரும். மீதி 999 பேரில் 100க்கு 5 என்றால் ஏறக்குறைய 50 பேருக்குத் தப்பாக "உண்டு" என்று வரும். ஆக 51 பேர் கையில் "உண்டு" என்ற தாள். அதில் நிஜம் ஒன்று. வாய்ப்பு சுமார் 2 சதவீதம்.

இதே டெஸ்ட்டை, அறிகுறிகளை வைத்துப் பாதிக்குப் பாதி சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் எடுத்தால் கதை தலைகீழாக மாறும். "உண்டு" என்று வந்த 100 பேரில் 95 பேருக்கு நிஜமாகவே நோய் இருக்கும். டெஸ்ட் ஒன்றுதான், யாருக்கு எடுக்கிறோம் என்பது மாறிவிட்டது. இதனால்தான் நான் முதலில் அத்தனை கேள்வி கேட்கிறேன். டெஸ்ட் எழுதுவதற்கு முன்பு உட்கார்ந்து பேசும் அந்தப் பத்து நிமிடம்தான் டெஸ்ட்டின் முடிவுக்கு அர்த்தம் கொடுக்கிறது.

ரிப்போர்ட்டில் ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் நோயா?

பெரும்பாலும் இல்லை. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் "சாதாரண அளவு" எப்படி வந்தது தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேரிடம் அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவைச் சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலும் 20 பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுவார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட்டை ஓர் ஆரோக்கியமான மனிதருக்கு எடுத்தால், ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. கோட்டைக் கொஞ்சம் தாண்டிய எண்ணும், மூன்று மடங்கு எகிறிய எண்ணும் ஒன்றில்லை. பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். ஒற்றை எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அதிகம் சொல்லும்.

முழு உடம்பையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே?

நிம்மதிக்காக எடுத்து நிம்மதியைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தென்கொரியாவில் நடந்தது இதற்குப் பெரிய பாடம். 1999இல் அந்த நாட்டில் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை, ஆனால் குறைந்த செலவில் கூடவே தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று பல இடங்களில் சேர்த்துக்கொண்டார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்தப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தொந்தரவே செய்யாமல் இருந்திருக்கும் சின்னச் சின்னக் கட்டிகள்தான் அத்தனையும் வெளியே வந்தன. பலருக்குத் தைராய்டையே எடுத்துவிட்டார்கள், அவர்கள் காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டும்.

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதும் இதற்குச் சொந்தக்காரன்தான். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வட்டில் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு இது! ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் "தேய்மானம்" என்று எழுதியிருந்தால் அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று யாராலும் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடி எடுக்கும் ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும். கேள்வியே இல்லாமல் எடுக்கும் ஸ்கேன் உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஆனால் எனக்கு வலிக்கிறதே! நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்களா?

உங்களுக்கு வலிக்கிறது. அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. "ரிப்போர்ட் நார்மல்" என்றால் நாங்கள் தேடிய சில நோய்கள் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று பொருளாகாது.

இது நீங்கள் நினைப்பதைவிட மிகச் சாதாரணமாக நடப்பது. 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்த 1,000 பேரின் மூன்றாண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு வலி, களைப்பு, தலைச்சுற்றல், தலைவலி, முதுகுவலி போன்ற 14 சாதாரணத் தொந்தரவுகள். உடலில் தெளிவான ஒரு நோய்தான் காரணம் என்று காட்ட முடிந்தது 16 சதவீதத்துக்குத்தான்.

இந்த இடத்தில் "எல்லாம் உங்க மனசுதான்" என்று சொல்லி அனுப்பும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது நோயாளியை எவ்வளவு புண்படுத்துகிறது என்று எங்களில் பலருக்குத் தெரிவதில்லை. மனக்கவலை உடம்பில் வலியாக வரும் என்பது உண்மை, அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆனால் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக அந்தப் பெயரை ஒட்டக் கூடாது. வயிற்றுப்புண்ணை எண்ணிப் பாருங்கள். மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று பல பத்தாண்டுகள் மருத்துவ உலகமே நம்பியது. ஹெலிகோபேக்டர் என்ற கிருமியை ராபின் வாரனும் பேரி மார்ஷலும் காட்டியபோது நம்ப ஆளில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பு "டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்!

காரணம் கிடைக்காவிட்டாலும் வலிக்கு மருந்து உண்டு, தூக்கத்துக்கு வழி உண்டு, பயிற்சி உண்டு. பெயர் கிடைக்கும்வரை சிகிச்சையே கிடையாது என்று எந்த விதியும் இல்லை.

டாக்டர்கள் எவ்வளவு அடிக்கடி தவறாகக் கண்டுபிடிக்கிறார்கள்?

மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவில் வெளிநோயாளிகளாகச் சிகிச்சைக்குப் போகும் பெரியவர்களில் ஆண்டுக்கு 20 பேரில் ஒருவருக்கு நோயறிதலில் பிழை நேர்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே அந்நாட்டு தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான மனிதர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பிழையைச் சந்திப்பார்கள் என்றது. எது பிழை என்பதற்கு அந்த அறிக்கை கொடுத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. சரியான காரணத்தை உரிய நேரத்தில் கண்டுபிடிக்காதது ஒரு பிழை. கண்டுபிடித்ததை நோயாளிக்குப் புரியும்படி சொல்லாததும் பிழை.

கருவிகள் வளர வளர இது குறைந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளில் இருந்து தலா 100 பிரேதப் பரிசோதனைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். இடையில் அல்ட்ராசவுண்ட் வந்துவிட்டது, சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. தெரிந்திருந்தால் சிகிச்சையே மாறியிருக்கும் என்ற அளவு பெரிய நோய் விடுபட்டது மூன்று காலத்திலும் ஏறக்குறைய 10 சதவீதம்தான். (எல்லா மரணங்களிலும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்த மரணங்களில்தான் பிரேதப் பரிசோதனை அதிகம் நடக்கும்.)

ஏன் குறையவில்லை? பிழையில் பெரும்பங்கு கருவியில் இல்லை, மனதில் இருக்கிறது. முதலில் தோன்றிய பெயரையே பிடித்துக்கொள்வோம். ஒரு பெயர் பொருந்திவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவோம். நேற்று ஒரு காசநோயைத் தவறவிட்டிருந்தால் இன்று எல்லா இருமலும் காசநோயாகத் தெரியும். இன்னொரு மருத்துவமனைத் தாளில் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதியிருந்தால் அதைச் சந்தேகிக்கவே கை வராது. அந்த அம்மா "துணி உரசினாலே எரியுது" என்றபோது என் மனம் ஏற்கெனவே கதவைச் சாத்திவிட்டிருந்தது.

இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

இரண்டாவது டாக்டரிடம் போவது முதல்வரை அவமதிப்பதாகாது. ஆனால் முதல்வர் எழுதியதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள். "என்ன சொல்கிறார் பார்ப்போம்" என்று சோதிப்பதில் இழப்பு உங்களுக்குத்தான், எடுத்த டெஸ்ட்டையே மறுபடி எடுப்பார்கள், எது பலிக்கவில்லை என்பதும் தெரியாமல் போகும். இருவரும் சொல்வது உண்மையிலேயே முரணா, ஒரே விஷயத்தை வேறு வார்த்தையில் சொல்கிறார்களா என்று பாருங்கள். முரண் என்றால், "அவர் அப்படி நினைத்ததற்கு என்ன காரணம் இருக்கலாம்? நீங்கள் எதை வைத்து வேறுபடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். காரணத்தோடு பேசுகிறவர் பக்கம் சாயலாம். இன்னொரு டாக்டரைத் திட்டுவதையே பதிலாகச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அறுவை சிகிச்சை, புற்றுநோய், வாழ்நாள் முழுவதும் மருந்து என்ற பேச்சு வந்தால் இரண்டாவது கருத்தைக் கட்டாயம் கேட்பது நல்லது.

"எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லும் டாக்டரிடம் தொடர்ந்து போகலாமா?

போகலாம், அவர் அதற்கு அடுத்து என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்து.

இங்கிலாந்தில் ஒரு குடும்ப மருத்துவர் செய்த ஆய்வு 1987இல் வெளியானது. தொந்தரவு உண்டு, ஆனால் பரிசோதித்தால் எதுவும் பிடிபடவில்லை என்ற 200 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு உறுதியான ஒரு பெயரைச் சொல்லி, சில நாளில் சரியாகிவிடும் என்றார். இன்னொரு பகுதியினரிடம், என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை என்றார். இரண்டு வாரம் கழித்து முதல் வகையினரில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இரண்டாவது வகையினரில் 39 சதவீதம் பேர்தான். மருந்து கொடுத்தாரா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அப்படியானால் டாக்டர் பொய்யாவது சொல்ல வேண்டுமா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்று பொய்யாக ஒரு பெயரைச் சொன்னால், நாளை நோய் வேறு முகம் காட்டும்போது நோயாளி அந்தப் பெயரையே நம்பி வீட்டில் இருந்துவிடுவார். அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. "தெரியவில்லை" என்று சொல்லி அதோடு நிறுத்துவது ஒருவரை இருட்டில் இறக்கிவிடுவது மாதிரி. "சரியான பெயர் இன்னும் தெரியவில்லை. ஆனால் ஆபத்தானவை இல்லை என்று பார்த்துவிட்டேன். இப்படிப்பட்ட தொந்தரவு பெரும்பாலும் தானே அடங்கும். அடங்காவிட்டால் அடுத்து இதைச் செய்வோம்" என்பதிலும் அதே உண்மைதான் இருக்கிறது. ஆனால் கேட்டவர் தூங்குவார்.

மருந்தே எழுதாமல் அனுப்பிவிட்டாரே?

மருந்து தேவையில்லை என்று சொல்வதற்கு, எழுதித் தருவதைவிட நேரம் அதிகம் வேண்டும். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது பத்து நொடி வேலை. அது ஏன் வேண்டாம் என்று புரியவைக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தவர் உங்கள் மேல் அக்கறை உள்ளவர்.

டாக்டரிடம் எதை, எப்படிச் சொல்ல வேண்டும்?

இதில்தான் உங்கள் கையில் இருக்கும் பலம் உங்களுக்குத் தெரிவதில்லை. 1975இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 80 புதிய நோயாளிகளில் 66 பேருக்கு அவர்கள் சொன்ன விவரத்தையும் அனுப்பிய டாக்டரின் கடிதத்தையும் வைத்தே நோயறிதல் சரியாக அமைந்துவிட்டது. உடலைப் பரிசோதித்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, டெஸ்ட்டால் மாறியது 7 பேருக்கு.

ஆனால் நாங்கள் சொல்ல விடுகிறோமா? 1984இல் அமெரிக்காவில் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 2002இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் தாங்களாகவே பேசி முடிக்க எடுத்துக்கொண்டது சராசரியாக 92 நொடி. ஒன்றரை நிமிடம்! இந்த இரண்டு எண்களையும் படித்த பிறகு நான் மேசைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினேன்.

நீங்கள் செய்யக்கூடியது இது. எப்போது ஆரம்பித்தது, முதலில் வந்தது எது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, இதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று வரிசையாகச் சொல்லுங்கள். "எனக்கு கேஸ் பிரச்சினை" என்று நோயின் பெயரோடு ஆரம்பிக்காதீர்கள், டாக்டர் மனமும் அந்தப் பக்கமே போய்விடும். "சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மேல் வயிறு பிசைகிறது" என்று சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மருந்தையும், நீங்களாக வாங்கியதையும், மற்ற மருத்துவ முறை மருந்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தால், உதாரணமாகப் புற்றுநோயோ என்று, அதையும் வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். பலர் கதவருகே போன பிறகுதான் அதைச் சொல்கிறார்கள். வந்ததே அதற்காகத்தான்.

இணையத்தில் தேடிவிட்டுப் போகலாமா?

தாராளமாக. தேடியதை முடிவாக வைக்காமல் கேள்வியாக வையுங்கள்: "இதுவாக இருக்குமோ என்று படித்தேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" அதற்கு முகம் சுளிக்கும் டாக்டர்தான் மாற வேண்டும்.

எதற்குக் காத்திருக்கவே கூடாது?

நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, அல்லது வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது (பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு). இதுவரை வராத அளவுக்குத் திடீரென்று வெடிக்கும் தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு அல்லது குழப்பம். மூச்சுத் திணறல். இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம். முதுகுவலியோடு, உட்காரும் இடம் மரத்துப்போவது அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் போவது. கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்பது கூடாது. நேற்றுத்தான் டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றாரே என்று தயங்கவும் கூடாது.

எத்தனையோ பேரைப் பார்த்தும் பெயர் கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது?

கருப்பைக்கு வெளியே அதன் உட்சவ்வு வளரும் நோய், சில மூட்டு நோய்கள், அரிய மரபணு நோய்கள் எல்லாம் பெயர் சூட்டப்படப் பல ஆண்டுகள் எடுக்கும். அந்த ஆண்டுகளில் நடக்கும் பெரிய தவறு, ஒவ்வொரு டாக்டரிடமும் முதலிலிருந்து தொடங்குவது. உங்கள் கதை முழுவதையும் தெரிந்த ஒரு டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிபுணர்களிடம் போனாலும் திரும்பி அவரிடமே வாருங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை, "இப்போது புதிதாகப் பார்ப்பவராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். நேர்மையான டாக்டருக்கு அந்தக் கேள்வி உதவியாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என்னிடம் ஒருவர் அப்படி ஒரு தாளோடு வந்தார். கை வலி, இரண்டு ஆண்டாக. முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்கான இரத்தப் பரிசோதனை இரண்டு முறை எடுத்து இரண்டிலும் இல்லை என்று வந்ததால் அந்தப் பெயரை எல்லாரும் அடித்துவிட்டிருந்தார்கள். ரூல் போட்ட தாள், நீல மை, நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். பாதி வரை மாத்திரைப் பெயர்கள்தான். கீழே, ஓரத்தில், வேறொரு நாள் சேர்த்த மாதிரி ஒரு வரி: "காலையில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது." ஆறு மணிக்கு எழுகிறவர். மூன்று மணி நேர விறைப்பு. இரத்தப் பரிசோதனையில் காட்டாத முடக்குவாதமும் உண்டு என்பதால் மூட்டு நிபுணரிடம் அனுப்பினேன், அதுவேதான். ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் காலையில எப்படி இருக்குன்னு கேட்கலையே சார்" என்றார். அந்தத் தாள் இப்போது அவருடைய கோப்பில் முதல் பக்கமாக இருக்கிறது.